கலர் மாஸ்டர் வேதாசலம்

முடிச்சூர் மெயின் ரோட்டில் நான் மருந்துக்கடை வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இந்த வட்டாரத்தில் யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர், யார் வீட்டுக்கு எந்த மாத்திரை போகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் என் கடைக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்த வேதாசலத்தின் உடம்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பத்து மாதம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் பெரிதாக முயலவும் இல்லை.

2015 வெள்ளத்தில் என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும், கூப்பிடாமலே வந்து இரண்டு நாள் சேறு அள்ளிப் போட்டவர் அவர். அதுவரை தெருவில் பார்த்துத் தலையசைக்கிற பழக்கம்தான். நனைந்த அட்டைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் அவர் கைகளைக் கவனித்தேன். நகத்தைச் சுற்றியும் ரேகைகளுக்குள்ளும் சிவப்பாக ஊறிக் கிடந்தது. தகரம் ஏதாவது கிழித்துவிட்டதோ என்று பஞ்சும் டெட்டாலும் எடுத்து நீட்டினேன். அவர் சிரித்தார்.

"ரத்தம் இல்ல சார், கலரு. நான் கலர் மாஸ்டரு."

அப்படித்தான் எங்களுக்குள் பேச்சு ஆரம்பித்தது.

வேதாசலத்தின் அப்பா இங்கே நெல் விளைந்த காலத்தில் கூலிக்கு அறுத்தவர். நிலமெல்லாம் மனைகளானதும் சித்தாள் வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து செத்தார். பத்தொன்பது வயதில் வேதாசலம் ராஜகீழ்ப்பாக்கத்தில் துளசிங்கத்தின் கம்பெனியில் சேர்ந்தார். துளசிங்கம் அந்த ஊர்ப் பழைய குடும்பம். விற்றது போக மிச்சமிருந்த நிலத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தின்பண்டம் செய்ய ஆரம்பித்தவர். மூன்று அடுப்பு, பத்துப் பன்னிரண்டு ஆட்கள். கலர் வத்தல், ரோஸ் தேங்காய் மிட்டாய், ஆரஞ்சு பூந்தி, பாக்கெட்டில் அடைத்த பஞ்சு மிட்டாய். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரைக்கும் பள்ளிக்கூடங்களின் வாசலில் இருக்கும் பெட்டிக்கடைகளில் அவர்கள் சரக்கு சரம்சரமாகத் தொங்கும்.

அங்கே கலர் மாஸ்டர் என்றால் மரியாதை உண்டு. பாகு எந்தப் பதத்துக்கு வரும்போது கலரை விடவேண்டும், சூட்டில் எவ்வளவு வெளுக்கும், காய்ந்தபின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம் வேதாசலத்துக்குப் பழக்கத்திலேயே தெரியும். தராசு தொடமாட்டார். கரைசலில் விரலை விட்டு நாக்கில் வைப்பார். லேசாகக் கசந்தால் சரி. நாக்கு சுருங்கினால் அதிகம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அப்படி நாக்கில் வைத்துப் பார்த்திருப்பார்.

கலர் இரண்டு விதமாக வரும். பெயரும் லைசென்ஸ் நம்பரும் அச்சடித்த டப்பா ஒன்று. அலமாரியில் முன்வரிசையில் அது நிற்கும். மற்றது துளசிங்கம் டவுனிலிருந்து வாங்கிவரும் பொட்டலம். தடித்த பிளாஸ்டிக் உறையில் ஓர் எழுத்துகூட இருக்காது. உள்ளே இருக்கும் தூள் பச்சையாக மினுங்கும். தண்ணீரில் பட்டதும் ரோஸாக வெடித்துப் பரவும். டப்பாவில் பத்து ஸ்பூன் போட்டு வரும் நிறம் இதில் ஒரு சிட்டிகையில் வந்துவிடும். அடுப்புக்கும் வெளுக்காது, வெயிலுக்கும் வெளுக்காது.

அந்தத் தூள் காற்றில் பறக்கும். மூக்கைச் சிந்தினால் ரோஸாக வரும். வியர்வை பட்டுத் தலையணை உறை ரோஸாகும். வீட்டில் தயிர்சாதத்தைக் கையால் பிசைந்தால் அதுவும் நிறம் மாறும் என்பதால் அவர் மனைவி அம்மணி அவருக்கு மட்டும் ஸ்பூன் போட்டுக் கொடுப்பார். ரேஷன் கடையில் கைரேகை மிஷின் அவர் விரலை ஏற்றதே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் வேலை அதிகமானால் சிறுநீர் ரோஸாகப் போகும். முதல்தடவை பார்த்தபோது இருபது வயதுப் பையன் வேதாசலம் பயந்து போயிருக்கிறார். கொட்டகையில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "உள்ள போன கலரு வெளிய வருது, அவ்ளோதான். தண்ணி நெறைய குடி." குடித்தார். இரண்டு நாளில் சரியாயிற்று. அதன்பிறகு முப்பது வருஷத்தில் எத்தனையோ முறை அப்படி வந்து போயிருக்கிறது. அவருக்கு அது ஜலதோஷம் மாதிரி.

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. துணிக்குப் போடும் சாயத்தைச் சேர்க்கிறார்கள், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று டிவியில் நாள் முழுக்க ஓடியது. அன்றே துளசிங்கம் கொட்டகைக்கு ஓடிவந்திருக்கிறார்.

"வேதா, பொட்டலம் ஒண்ணு வுடாத. எல்லாத்தையும் கரைச்சு கக்கூஸ்ல ஊத்திடு. நாளைக்கு யாராவது வந்தா டப்பாதான் கீதுன்னு சொல்லணும்."

"அப்டியே தூக்கி எங்கனா போட்டுட்லாமே அண்ணா?"

"குப்பைல கெடந்தா எவனாவது போட்டோ புடிப்பான். கரைச்சுடு."

இரண்டு நாள் அவர் ஒருவரே கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் கையால், பக்கெட் பக்கெட்டாகக் கரைத்து ஊற்றினார். கையுறை கிடையாது. மூக்குக்கு ஒரு துண்டு. இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அவர் பல்லிடுக்குகூட ரோஸாக இருந்தது என்று அம்மணி பின்னால் என்னிடம் சொன்னார். அந்த வாரம் முழுக்கச் சிறுநீர் சிவந்தே போனது. அது அவருக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆனால் மார்ச்சிலும் நிற்கவில்லை. கம்பெனியில் அப்போது டப்பாக் கலர்தான். ஒருநாள் நன்றாக இருக்கும், நாலு நாள் சிவக்கும், பிறகு பத்து நாள் ஒன்றும் இருக்காது. ஏப்ரல் கடைசியில் என் கடைக்கு வந்தார். கூட்டம் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டுக் கேட்டார்.

"சார், நீர்க்கடுப்புக்கு இன்னா குடிக்கலாம்?"

"எரிச்சலா இருக்கா? ஜுரம்?"

"லேசா எரியுது. ஜுரம்லாம் ஒண்ணியும் இல்ல. கொஞ்சம் செவப்பா போவுது. அது கலரு சார், பயப்பட ஒண்ணியும் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்: "முப்பது வருசக் கலரு சார். இப்போ பொட்டலத்த நிறுத்திட்டாங்க இல்ல, உள்ள தேங்கிகினு இருந்ததெல்லாம் மொத்தமா எறங்குது. ஒடம்பு தன்னால கழுவிக்குது."

நான் மருந்தாளுநர் படிப்புப் படித்தவன். சிறுநீர் சிவந்து போகிறது என்று ஐம்பது தாண்டிய ஒருவர் சொன்னால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். "ஒரு தடவை யூரின் டெஸ்ட் எடுத்துடுங்க வேதாசலம்," என்றேன். சொன்னதோடு சரி. நீர்க்கடுப்பு சிரப் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சிவந்த கையைப் பார்த்துப் பஞ்சை நீட்டிய ஆள்தானே நான். மறுபடி அசடு வழிய வேண்டாம் என்றுகூட நினைத்திருப்பேன்.

டெஸ்ட் எடுக்க அவருக்கு மனமில்லை. பயம் நோயைப் பற்றியதல்ல. சோதனையில் சாயம் தெரிந்துவிட்டால், எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்பார்கள். துளசிங்கத்தின் பெயர் வரும். கொட்டகையை மூடினால் பத்துப் பன்னிரண்டு பேர் தெருவில் நிற்பார்கள். இப்படியொரு கணக்கு அவர் மனதில் ஓடியிருக்கிறது. ஆகஸ்டில் அம்மணியின் தொல்லை தாங்காமல் பக்கத்து கிளினிக்குக்குப் போனார். டாக்டர் கேட்டதற்கு, பீட்ரூட் நிறையச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். யூரின் கொடுக்கச் சொல்லி எழுதிய சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

அதற்குள் தீபாவளி ஆர்டர் தொடங்கியது. பொட்டலமும் கொட்டகைக்குத் திரும்பி வந்தது. பஞ்சு மிட்டாயை மட்டும் விட்டுவிட்டார்கள், வத்தலுக்கும் தேங்காய் மிட்டாய்க்கும் போட்டார்கள். வேதாசலம் ஏன் என்று கேட்கவில்லை. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். என் கடையிலிருந்து மாதம் இரண்டு பாட்டில் சிரப் போய்க்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரே மகள், தீபலட்சுமி. தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். காலை ஆறுக்குப் போனால் மாலைதான் திரும்புவாள். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா குளித்துவிட்டு வந்தபின் குளியலறைக்குப் போனவள், சரியாகக் கழுவப்படாத தரையைப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இன்னாப்பா இது?"

"பழைய கலரும்மா. தண்ணி ஊத்தினா பூடும்."

"எவ்ளோ நாளா இப்டி?"

"அது வந்துகினுதான் கீது. கொறஞ்சுடும்."

தரையில் திட்டாக ஒன்று கிடந்தது. தீபலட்சுமி ஒரு காகிதத்தால் அதை எடுத்தாள். மக்கில் தண்ணீர் பிடித்து அதில் போட்டாள். அது அடியில் போய்த் தங்கியது. தண்ணீர் கலங்கவே இல்லை.

"கலரா இருந்தா கரையணும்பா," என்றாள். "நீதான மாஸ்டரு. நீயே சொல்லு, இது கலரா?"

வேதாசலம் மக்கை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அசைத்துப் பார்த்தார். இன்னொரு தரம் அசைத்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே அவளுடைய சென்டரில் ஸ்கேன் பார்த்தார்கள். அங்கிருந்து சென்னையில் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து அனுப்பி, முடிவு வர ஜனவரி ஆயிற்று. சிறுநீர்ப்பையில் புற்றுநோய். பையின் உள்தோலைத் தாண்டிச் சுவரின் சதைக்குள் இறங்கிவிட்டிருந்தது.

முடிவு சொல்லும் நாளில் நானும் போயிருந்தேன். டாக்டருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். பொறுமையாகக் கேட்டார்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"பழக்கமே இல்லிங்க."

"என்ன வேலை?"

வேதாசலம் மகளைப் பார்த்தார். பிறகு கையை மேசைமேல் விரித்து வைத்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்: பொட்டலம், நாக்கில் வைப்பது, இரண்டு நாள் கரைத்து ஊற்றியது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதனாலதான் வந்துச்சா சார்?" என்றாள் தீபலட்சுமி.

"சாயப் பட்டறை வேலை செய்யறவங்களுக்கு இந்த கேன்சர் அதிகமா வரும்னு ரொம்ப நாளாவே தெரியும். ஆனா இவர் தொட்டது என்ன கெமிக்கல்னே நமக்குத் தெரியாது. அதனாலதான்னு நான் எழுத முடியாதும்மா. இல்லன்னும் என்னால சொல்ல முடியாது." ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஆனா ஒண்ணு சொல்ல முடியும். முதல்ல ரத்தம் வந்தப்பவே வந்திருந்தா, உள்ளேயே சுரண்டி எடுத்திருக்கலாம். அதை கலர்னு நினைச்சதுல பத்து மாசம் போயிடுச்சு."

வராந்தாவில் தீபலட்சுமியிடம் நான் சொன்னேன். உன் அப்பா ஏப்ரலிலேயே என்னிடம் வந்தார், நான் சிரப் கொடுத்து அனுப்பினேன், மாதாமாதம் கொடுத்தேன் என்று. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நான் தினம் நாப்பது பேருக்கு ஸ்கேன் ரூம்ல நிக்கிறேன் அங்கிள்," என்றாள். "எங்கப்பா பாத்ரூம் போய்ட்டு தண்ணி ஊத்துற சத்தம் தெனமும் கேக்கும். அவரு ஏன் இவ்ளோ நேரம் ஊத்துறாருன்னு நான் ஒரு நாளும் யோசிக்கல."

மார்ச்சில் சிறுநீர்ப்பையையே எடுத்தார்கள். வயிற்றில் ஒரு துளை, அதன்மேல் ஒட்டிய பை. அதை மாற்ற அம்மணி கற்றுக்கொண்டார். வேதாசலம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பையில் சேரும் நீர் மஞ்சளாகத் தெளிந்து இருந்தது. முப்பது வருஷத்தில் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

ஏப்ரலில் துளசிங்கம் பார்க்க வந்தார். நான் அப்போது பஞ்சும் பிளாஸ்திரியும் கொடுக்கப் போயிருந்தேன். எழுபது வயதுப் பெரியவர், கதர் வேட்டி, கையில் ஆப்பிள் கவர். உட்காரத் தயங்கி, உட்கார்ந்து, உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஆஸ்பத்திரில எதனா எழுதிகினாங்களா வேதா? எங்க வேலைன்னு?"

"எழுதிகினாங்க."

"என் பேரு?"

"கேக்கல. நானும் சொல்லல."

துளசிங்கம் மூச்சு விட்டார். "எதுவா இருந்தாலும் நான் பாத்துக்கறேன். பேரு மட்டும் வெளிய வர வேணாம். பேத்திக்கு வரன் பாத்துகினு கீறோம்."

வேதாசலம் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அண்ணா, அந்தப் பொட்டலத்துக்கு பேரு இன்னா?"

"எந்தப் பொட்டலம்?"

"நாம போட்ட ரோஸ். அது இன்னா சாயம்? டாக்டரு கேட்டாரு. எனக்குத் தெரில."

துளசிங்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறைப்பதுபோலத் தெரியவில்லை. "எனக்கும் தெரியாதுப்பா," என்றார். "ரோஸ்னு கேப்பேன், குடுப்பான். மஞ்சள்னு கேட்டா மஞ்சள். பேரெல்லாம் யாரு கேட்டா."

அவர் போனதும் தீபலட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஆப்பிள் கவரைத் தொடவில்லை.

"அப்பா, நான் ஒண்ணு கேக்கணும். நான் ஸ்கூல் படிக்கறப்போ எல்லாப் பசங்களும் ரோஸ் மிட்டாய் வாங்கித் தின்னும். எங்கப்பா செய்யறதுதான்னு நான் பெருமையா சொல்லுவேன். வூட்டுக்கு மட்டும் நீ ஒரு பாக்கெட்கூட கொண்டாந்தது இல்ல. அழுதாக்கூட வாங்கித் தரமாட்ட. ஏம்பா?"

"பல்லு சொத்தையாவும்னுதான்…" என்று ஆரம்பித்தார் வேதாசலம். அம்மணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"தெரியும்மா," என்றார் கடைசியில். "பேருதான் தெரியாது. நல்லது இல்லன்னு தெரியும்."

நான் பிளாஸ்திரியை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் மாதம், நடக்க முடிந்ததும், அவர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்றார். சட்டைக்குள் பை தெரியாமலிருக்கத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அங்கே ஓர் அம்மா உட்காரவைத்து, அவர் சொல்வதை எழுதிக்கொண்டார். எந்த அலமாரி, எந்தத் தட்டு, எதற்குப் பின்னால் பொட்டலம் இருக்கும், எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு என்று அவர் வரிசையாகச் சொன்னார். கையெழுத்துப் போடும்போது, "நான்தான் கலக்கினேன்னு போடுங்க மேடம்," என்றார். "முப்பது வருசம் என் கையாலதான் கலக்கினேன். அதுவும் இருக்கட்டும்."

நாலாம் நாள் கொட்டகைக்கு அதிகாரிகள் போனார்கள். வத்தல், மிட்டாய், டப்பாக் கலர் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்தார்கள். பொட்டலம் இல்லை. வேதாசலம் ஆஸ்பத்திரியில் படுத்த அன்றே துளசிங்கம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தார். மாதிரிகள் சரியாக இருந்தன. அனுமதித்த கலர், அனுமதித்த அளவு.

அடுத்த மாதம் துளசிங்கம் கொட்டகையை மூடிவிட்டு, டைல்ஸ் வைக்கும் குடோனாக வாடகைக்கு விட்டார். வயதாகிவிட்டது, தொந்தரவு தாங்கவில்லை என்றார். பாக்கிங் வேலை பார்த்த பெண்கள் வேலையிழந்தார்கள். அவர்களில் கிருபா என்பவர், புருஷன் இல்லாதவர், வேதாசலத்தின் வீட்டு வாசலில் வந்து நின்று தெரு கேட்கக் கத்தினார்.

"நீ கலக்கறப்போலாம் கலக்கின. எங்க கையால பாக்கெட் போட வெச்ச. இப்போ உனுக்கு ஒண்ணுன்னதும் எங்க வயித்துல அடிச்சிட்டியே! எங்க புள்ளைங்களுக்கு எவன் சோறு போடுவான்?"

அம்மணி பதிலுக்குப் பேச வாயெடுத்தார். வேதாசலம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ சொல்றதுல இன்னா தப்பு," என்றார்.

செப்டம்பரில் முதுகு வலி வந்தது. எலும்புக்குப் பரவியிருந்தது. ஊசி மருந்து மூன்று முறை ஏற்றினார்கள். நாலாவது ஏற்ற உடம்பு தாங்காது என்றார்கள். வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். வலிக்கான மாத்திரைகளை வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரியிலிருந்து தீபலட்சுமி வாங்கிவருவாள். அவர் எடை பாதியாகிவிட்டது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் அந்த டாக்டரிடம் ஒன்று கேட்டார். நான் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன்.

"சார், நான் அதுலயே கெடந்தவன். என்ன வுடுங்க. அத்த வாங்கித் தின்னுச்சே, ஸ்கூல் பசங்க. அதுங்களுக்கு இன்னா ஆவும்?"

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எப்பவாவது ஒண்ணு ரெண்டு சாப்பிட்டதுக்கு ஒண்ணும் ஆகாமலே போகலாம்," என்றார். "தினம் சாப்பிட்டதுக்கு என்ன ஆகும்னு உங்களுக்கு உறுதியா சொல்ற அளவுக்கு எங்கிட்ட எதுவும் இல்ல."

"அதுங்களுக்கே தெரியாது இல்ல சார், தின்னது இன்னான்னு."

"தெரியாது."

வரும் வழியில், பள்ளிவிட்டுப் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோ நின்றது. வேதாசலம் அவர்கள் கடந்து முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வலி என்று நினைத்து மாத்திரையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

டிசம்பர் எட்டாம் தேதி பிற்பகல் செத்துப்போனார். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மணி அவர் தலையைப் பிடித்திருந்தார். தீபலட்சுமி வேலையிலிருந்து வந்துசேர அரை மணி ஆயிற்று. இறப்புப் பதிவுக்கான படிவத்தை நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். அம்மணி, "கூலின்னு போடுங்க சார்," என்றார்.

துளசிங்கம் மாலையோடு வந்தார். உள்ளே வரவில்லை, தெருமுனையில் காரிலேயே உட்கார்ந்து, டிரைவரிடம் மாலையைக் கொடுத்தனுப்பினார். தீபலட்சுமி அதை வாங்கவுமில்லை, மறுக்கவுமில்லை. டிரைவர் சற்று நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, வேதாசலத்தின் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து கிருபா என் கடைக்கு வந்தார். இப்போது ஒரு அப்பார்ட்மெண்டில் பெருக்குகிற வேலை பார்க்கிறார். சீட்டு எதுவும் கையில் இல்லை. கடையில் வேறு ஆள் இல்லாததை உறுதிசெய்துகொண்டு கேட்டார்.

"சார், வேதா அண்ணனுக்கு மொதல்ல எட்த்தாங்களே, ஒரு டெஸ்ட்டு. அத்த எங்க எடுக்கறது?"

"உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"ஒண்ணியும் இல்ல. ஆனா பதினோரு வருசம் அந்தத் தூசியில இருந்தேன் இல்ல."

நான் கடையைப் பூட்டிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு போனேன். யூரின் டெஸ்டும் ஸ்கேனும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கொட்டகையில் வேலை பார்த்த மற்ற பெண்களின் பெயர்களைக் கிருபாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் தீபலட்சுமியும் நானும் ஒவ்வொரு வீடாகப் போனோம். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மீதி மூன்று பேரும் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்கள். அவர்களில் ஒருவர், துணி துவைத்துக்கொண்டிருந்தவர், எழுந்திருக்காமலே சொன்னார்:

"இருந்துச்சுன்னா தெரிஞ்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்? வேலைக்கு லீவு போட்டா நாளைக்கு வேற ஆள வெச்சிடுவாங்க. போம்மா."